காயலான் கடை டப்பாவில் கிடைத்த ஈயப் பூதங்கள்: எது எந்த கம்பெனி?

ஜூன் 7, இரவு 9:15 (வியாசர்பாடி வாசகரின் கேள்வி)

அண்ணா, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலான் கடையில் பிஸ்கட் டப்பா நிறைய குட்டி குட்டி உலோகப் பொம்மைகள் கிடைத்தன. கட்டைவிரல் உயரம்தான். கோடாலி பிடித்த பூதம், தாடிக்காரக் குள்ளன், மந்திரவாதி, துப்பாக்கியோடு ஒரு விண்வெளிக்காரன், ஒரு டிராகன், இன்னும் சில. கூடவே நாலைந்து பிளாஸ்டிக் மிருகங்கள். எல்லாவற்றிலும் பெயிண்ட் தடிமனாக அப்பி அசிங்கமாக இருக்கிறது. நம்ம பக்கத்தில் ஒரிஜினல் எங்கே வரப்போகிறது, எல்லாம் ஹாங்காங், சைனா டூப்ளிகேட்தான் என்கிறார்கள் நண்பர்கள். தின்னரில் ஊறப்போட்டுப் பெயிண்டை எடுத்துவிட்டுப் புதுசாக அடிக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

ஜூன் 7, இரவு 9:40

தின்னர் பாட்டிலை மூடி வையுங்கள் தம்பி. இன்றைக்கு ஒரே வேலைதான். ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். கம்பெனி பெயர், வருஷம், எண் என்று எது இருந்தாலும் பெரும்பாலும் காலடியில்தான் இருக்கும். நேராக ஃப்ளாஷ் அடித்தால் எழுத்து தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து எடுங்கள். மேடு பள்ளம் நிழலாக விழும்.

அந்த பிஸ்கட் டப்பாவையும் தூக்கிப் போட வேண்டாம்.

ஜூன் 8, காலை 7:10

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டப்பாவில் ரெண்டு தலைமுறை கலந்து கிடக்கிறது.

மந்திரவாதி, குள்ளன், டிராகன் மூன்றிலும் பொம்மையும் அது நிற்கும் தட்டும் ஒரே வார்ப்பு. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் இதுதான் வழக்கம். இப்படி வார்த்த கம்பெனிகள்: இங்கிலாந்தில் மினிஃபிக்ஸ், ஆஸ்கார்ட், 70-களின் கடைசியில் வந்த சிட்டாடல். அமெரிக்காவில் சின்சினாட்டியின் ரால் பார்த்தா, பென்சில்வேனியாவின் கிரெனடியர், டல்லஸின் ஹெரிடேஜ். இதில் ரால் பார்த்தாவும் கிரெனடியரும் ஒரே வருஷத்தில், 1975-ல் தொடங்கியவை. அதற்கு முந்தைய வருஷம்தான், ஆளுக்கொரு பாத்திரமாகி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனை விளையாட்டு வெளிவந்தது. அந்த விளையாட்டு பரவப் பரவ, மேஜை மேல் நிறுத்த மந்திரவாதியும் குள்ளனும் வேண்டும் என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை நெப்போலியன் படைவீரர்களை வார்த்துக்கொண்டிருந்த பட்டறைகளுக்கும் புது வேலை வந்தது.

பூதமும் விண்வெளிக்காரனும் வேறு வகை. காலோடு சேர்த்து வார்த்த தட்டு இல்லை, நீளமாக ஒரு பட்டைதான் இருக்கிறது. அதைக் கறுப்பு பிளாஸ்டிக் தட்டில் வெட்டியிருக்கும் காடிக்குள் செருகி ஒட்ட வேண்டும். சிட்டாடல் 1980-களின் நடுவில் கொண்டுவந்த முறை இது, அப்புறம் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பட்டையில்தான் பெயரும் வருஷமும் பொறித்திருக்கும். விண்வெளிக்காரன் பட்டையில் 1988 தெளிவாகத் தெரிகிறது. பூதத்தின் பட்டை இன்னும் தட்டுக்குள் ஒட்டியே இருக்கிறது, பிடுங்க வேண்டாம். பசை காய்ந்து போயிருந்தால் லேசாக அசைத்தாலே தானாகக் கழன்று வரும். வராவிட்டால் அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 8, மதியம் 1:30

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். 1988 என்று இருப்பதால் அது 1988-ல் வார்த்த பொம்மை என்று எழுதிவிடாதீர்கள். பொறித்திருப்பது மூல உருவத்தின், அதன் உரிமையின் வருஷம். வார்ப்பு அதே வருஷமும் நடந்திருக்கலாம், பத்து வருஷம் கழித்தும் நடந்திருக்கலாம்.

இதற்கு நம்ம ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. ஃபன்ஸ்கூல் விற்ற ஜி.ஐ.ஜோ பொம்மைகளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றின் முதுகில் 1980-களின் வருஷம் ஒன்று இருக்கும். அது அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ கம்பெனி அந்த அச்சைச் செய்த வருஷம். ஃபன்ஸ்கூல் கம்பெனியே 1987-ல்தான் தொடங்கியது. என் தங்கை மகன் 90-களில் பெரம்பூரில் புதுசாக வாங்கிய பொம்மையின் முதுகில் அவன் பிறப்பதற்கு முந்தைய வருஷம் இருந்தது. அச்சு செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவனுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நல்ல டை (அச்சு) ஒன்று கம்பெனியை விட அதிக நாள் வாழும், நாடு விட்டு நாடும் போகும்.

ஜூன் 8, இரவு 10:05

ஃபன்ஸ்கூல் என்றதும் திருவொற்றியூரிலிருந்து ஒரு ஐயா எழுதியிருக்கிறார், "எங்க ஊர் கம்பெனி" என்று. உரிமையோடு சொல்லலாம் ஐயா. ஃபன்ஸ்கூலைத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்து ஆரம்பித்ததுதான். டயரெல்லாம் அப்புறம். வடசென்னைக்கும் பொம்மைக்கும் சம்பந்தமே இல்லை என்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஜூன் 10, இரவு 9:20

உலோகத்துக்கு வருவோம். வியாசர்பாடி தம்பி "ஈயமா, வேற ஏதாவதா, எப்படித் தெரிந்துகொள்வது" என்று கேட்டிருந்தார். தேதியைக் கணிக்க இதைவிட நல்ல வழி வீட்டில் கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய பொம்மைகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. நியூயார்க் மாநிலத்தில் ஈயப் பொம்மைக்குத் தடை வரும் என்ற பேச்சு எழுந்ததும், 1993 வாக்கில் அமெரிக்க கம்பெனிகள் ஈயமில்லாத கலவைக்கு மாறின. ரால் பார்த்தா தன் புதுக் கலவைக்கு ராலிடியம் என்று பெயரே வைத்தது. சிட்டாடல் 90-களின் பின்பகுதியில் மாறியது. ஆக, ஒரு பொம்மையில் ஈயம் இருக்கிறதா என்று தெரிந்தால் காலத்தை ஓரளவு இறுக்கலாம்.

ஈயத்தின் அடர்த்தி 11.34. வெள்ளீயம் 7.3. துத்தநாகம் 7.1. கலவையின் அடர்த்தி இதற்கு நடுவில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். சவுகார்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு, 0.01 கிராம் காட்டுவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் பொம்மையை அப்படியே எடை போடுங்கள். அப்புறம் தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, காட்டும் எடையைப் பூஜ்ஜியமாக்குங்கள். பொம்மையைத் தையல் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுகிற கிராம்தான் பொம்மையின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

தம்பி என்னிடம் கொண்டுவந்து காட்டினாரல்லவா, அந்த மந்திரவாதி வெளியே 14.88 கிராம், தண்ணீரில் 1.60. வகுத்தால் 9.3. ஈயம் பாதிக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். விண்வெளிக்காரன் 11.68, தண்ணீரில் அதே 1.60. அது 7.3. அதில் ஈயமே இல்லை. பட்டையில் 1988, உலோகமோ 90-களுக்குப் பிந்தைய வழக்கம். 8-ம் தேதி மதியம் எழுதியது இதைத்தான், இப்போது தராசும் சொல்கிறது.

ஒரு கவனம். அங்கியின் மடிப்பிலும் அக்குளிலும் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் கணக்கு கெடும். பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, நூலை லேசாகச் சுண்டினால் குமிழி போய்விடும். கறுப்பு பிளாஸ்டிக் தட்டு ஒட்டியிருக்கும் பொம்மைக்கு இந்தச் சோதனை பலிக்காது, பிளாஸ்டிக்கும் சேர்ந்துவிடும். தடிமனான பெயிண்டும் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும்.

ஜூன் 10, இரவு 9:45

தராசு இல்லாதவர்களுக்கு: அடிப்பாகத்தை வெள்ளைத்தாளில் லேசாக இழுங்கள். ஈயம் அதிகமென்றால் சாம்பல் கோடு விழும். அப்புறம் கையைக் கழுவுங்கள். பொம்மையின் கத்தியை, தடியை வளைத்துப் பார்க்கிற சோதனை வேண்டாம். பழைய உலோகம் ஒருமுறை வளையும், அடுத்த முறை ஒடியும்.

ஜூன் 12, காலை 6:50

"பிளாஸ்டிக் மிருகங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடட்டுமா, அவை நிச்சயம் ஹாங்காங்தான், வயிற்றிலேயே போட்டிருக்கிறது" என்று தம்பி கேட்டிருக்கிறார்.

கொடுக்காதீர்கள்! ஹாங்காங் என்று பொறித்திருப்பதால் ஒதுக்குகிறோமே, அதுதான் எனக்கு இந்த இழையில் ரொம்ப வருத்தம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர் கேரி கைகாக்ஸ். அவர் மலிவுக் கடையில் ஒரு பை பிளாஸ்டிக் மிருகங்கள் வாங்கினார். டைனோசர் என்று விற்றார்கள், ஆனால் எந்த டைனோசரிலும் சேராத உருவங்கள், ஹாங்காங்கில் செய்தவை. அதில் வாலில் காற்றாடி வைத்த ஒன்றைப் பார்த்து இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரை எழுதினார். இன்னொன்று ஆந்தைக்கரடி ஆனது. முதுகில் ஓடு வைத்த ஒன்று மண்ணுக்கடியில் நீந்தும் புலெட் ஆனது. இன்றைக்கும் அந்த விளையாட்டில் இவை மூன்றும் உண்டு. அந்த மலிவு மிருகங்களை இப்போது சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

உங்கள் படத்தில் இடது ஓரத்தில் இருப்பதன் முகவெட்டு அந்தக் குடும்பத்தைப் போலத்தான் இருக்கிறது. அதுவேதான் என்று எழுதமாட்டேன். வயிற்றில் எழுத்து எந்த வரிசையில், எத்தனை வரியாக இருக்கிறது, எஜெக்டர் பின் (அச்சிலிருந்து பொம்மையைத் தள்ளும் கம்பி) தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். ஒரே உருவத்தைப் பல அச்சில் செய்திருக்கிறார்கள். அச்சுக்கு அச்சு அந்தத் தடம் மாறும்.

ஜூன் 12, இரவு 8:30

காலையில் ஹாங்காங் பற்றி எழுதியதிலிருந்து பழைய மூர் மார்க்கெட் ஞாபகமாகவே இருக்கிறது. சென்ட்ரல் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் புத்தகக் கடைகளுக்கும் பறவைக் கடைகளுக்கும் நடுவே பழைய பொம்மை வைத்து விற்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஹார்பரில் வேலை செய்த எங்கள் மாமா, கப்பல்காரர்கள் விட்டுப்போனதை அங்கே போய் விற்பார், அங்கிருந்தே எனக்கு ஏதாவது வாங்கி வருவார். 1985-ல் மார்க்கெட் எரிந்தபோது பெரியவர்கள் புத்தகங்களுக்காக அழுதார்கள். நான் ஒரு தகர ராக்கெட்டுக்காக. கடைகள் அல்லிக்குளம் பக்கம் போயின, அந்தப் பொம்மைக்காரர்களை அப்புறம் பார்க்கவில்லை.

பர்மா பஜார், ஹார்பர், ராயபுரம், பெரம்பூரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். வெளிநாட்டுப் பொருள் வடசென்னைக்குள் வர இத்தனை வாசல் இருந்தது. "நம்ம பக்கத்தில் ஒரிஜினல் எங்கே வரப்போகிறது" என்று கேட்ட நண்பர்கள் இதையும் யோசிக்க வேண்டும். சிட்டாடல் பொம்மை எந்தக் கடையிலும் விற்காத ஊரில், ஒவ்வொரு பொம்மையும் யாரோ ஒருவர் பெட்டிக்குள் பயணம் செய்துதான் வந்திருக்கிறது.

ஜூன் 14, இரவு 10:30

டிராகன் படத்தில் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. தம்பி அதைத் தூசி என்று நினைத்து ஊதியிருக்கிறார். இனிமேல் ஊத வேண்டாம்.

அது ஈயம் அரிப்பதால் வரும் ஈயக் கார்பனேட். காற்றின் ஈரத்தோடு அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவி சேர்ந்தால் ஈயம் இப்படி மாவாகும். ஆவி எங்கிருந்து வருகிறது? மரம், பிளைவுட், அட்டைப்பெட்டி, சில பசைகள், சரியாகக் காயாத பெயிண்ட். கண்ணாடி வைத்த புது பிளைவுட் அலமாரி பார்க்க அழகு, ஈயப் பொம்மைக்கு எமன். கடலோரத்து ஈரம் வேறு. வெள்ளீயம் அதிகமுள்ள கலவை தாங்கும், ஈயம் அதிகமுள்ளது முதலில் போகும்.

பொம்மைகளை எதில் வைப்பது என்று பெரம்பூர் அக்கா கேட்ட கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வீட்டில் இருக்கிற பழைய இரும்பு பீரோவே போதும் அக்கா. அதற்குள் மூடி உள்ள, நன்றாகக் கழுவிக் காயவைத்த கண்ணாடி அல்லது பாலிதீன் டப்பா, சிலிக்கா ஜெல் பை ஒன்று. அட்டை வேண்டாம். பீரோவில் போடுவீர்களே அந்துருண்டை, அது இருக்கிற தட்டில் கடினப் பிளாஸ்டிக் பொம்மையை வைக்காதீர்கள். நாப்தலின் ஆவியில் பாலிஸ்டைரின் இளகும். ரப்பர் மாதிரி வளையும் மிருகங்களையும் கடினப் பிளாஸ்டிக்கோடு ஒட்டி வைக்க வேண்டாம், மிருகத்திலிருந்து கசியும் எண்ணெய் மற்றதைக் கரைக்கும்.

மாவு பூத்ததை எப்படி எடுப்பது: ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியைக் கட்டித் தூக்கிப் போடுங்கள். உலர்ந்த பிரஷ் கூடாது, தூள் மூச்சுக்குள் போகும். குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம், அமிலத்தால் வந்த வினைக்கு மறுபடி அமிலம் போடுவதாகும். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது, அவர்கள் வாயில் வைப்பார்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் வெள்ளீயம் குளிரில் பொடியாகும் என்று பயமுறுத்துவார்கள். அது 13 டிகிரிக்குக் கீழே போனால்தான். தண்டையார்பேட்டையில் அந்தக் கவலை இல்லை.

ஜூன் 16, மாலை 5:15

இன்று தம்பியோடு அந்தக் காயலான் கடைக்குப் போயிருந்தேன். கடைக்கார அண்ணன் எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். டிராகன் என்று நான் விளக்க ஆரம்பித்ததும், "டிராகனோ பல்லியோ சார், ஈயம்னா கிலோ ரேட்டு ஒண்ணுதான்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கனமாக வருகிற சின்ன ஈயச் சாமான் எல்லாம் காசிமேட்டுக்குப் போகுமாம், உருக்கி வலைக்கு ஈயக் குண்டு கட்ட. இந்த டப்பா தப்பியது, பிஸ்கட் டப்பா மூடி துருப்பிடித்துத் திறக்காமல் அப்படியே மூலையில் கிடந்ததால்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ராயபுரத்தில் ஒரு பழைய வீடு காலி செய்தபோது, பத்திரிகைக் கட்டோடும் தையல் மிஷின் பாகங்களோடும் வந்ததாம். அந்தக் குடும்பம் வெளிநாடு போய்விட்டது என்பதுவரை அவருக்குத் தெரியும். அந்த ரெண்டு வரியைத் தேதியோடு அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டோம். அடுத்த முறை இந்த மாதிரி வந்தால் எடுத்து வைக்கிறேன், கிலோ விலைக்கு மேல் கொடுத்தால் போதும் என்றார். கொடுப்போம்.

ஜூன் 17, காலை 7:00

கேட்லாக் எப்படி எழுதுவது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதும் பதிவு ஒன்றை அப்படியே தருகிறேன். தம்பியின் மந்திரவாதி:

எண் 3. மந்திரவாதி, நின்ற நிலை. உலோகம், தட்டோடு ஒரே வார்ப்பு. தட்டு நாலு மூலை, முன் வலது மூலை மழுங்கியது. பாதத்திலிருந்து கண் வரை 24.6 மி.மீ., தொப்பி நுனி வரை 31.2. எடை 14.88 கிராம், அடர்த்தி 9.3. வலது கையில் தடி, நுனி பின்னால் வளைந்தது. இடது உள்ளங்கை மேல் நோக்கி. இடுப்பில் ஒரு பை, ஒரு ஓலைச்சுருள். பார்ட்டிங் லைன் (அச்சின் இரு பாதியும் சேர்ந்த கோடு) இடது தோளிலிருந்து அங்கி ஓரமாக இறங்குகிறது, அரம் போட்ட தடம் இல்லை. தட்டின் பின் ஓரத்தில் பொறித்த எழுத்து, முதல் மூன்று ஆங்கில எழுத்து மட்டும் படிக்க முடிகிறது: RAL (ரால்). பெயிண்ட் எனாமல், நீல அங்கி, மேலே இன்னொரு பூச்சு பச்சை. வந்த வழி: ராயபுரம் வீடு, ப. வண்ணாரப்பேட்டை காயலான் கடை, பிஸ்கட் டப்பா. கம்பெனி: ரால் பார்த்தாவாக இருக்கலாம். எதை வைத்து: தட்டு ஓர எழுத்து. உறுதி: பாதி.

கடைசி மூன்று வரிதான் எனக்கு முக்கியம். கம்பெனி பெயரை மட்டும் எழுதிவிட்டு, எதை வைத்துச் சொன்னோம் என்பதை விட்டுவிட்டால் நாளைக்கு வேறொருவர் சரிபார்க்கவே முடியாது. குள்ளனுக்கு அடையாளம் எதுவுமே இல்லை. அவனுக்கு "தெரியவில்லை" என்று எழுதி, மற்ற எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். அது முழுமையான பதிவுதான்.

கண் வரை ஏன் அளப்பது என்றால், தொப்பியும் கொண்டையும் தலைக்குத் தலை மாறும், கண் மாறாது. 70-களின் 25 மி.மீ. அளவுப் பொம்மை அநேகமாக அதற்கு நெருக்கமாக நிற்கும். பிற்காலத்தவை வளர்ந்துகொண்டே போய் 28-ஐத் தாண்டின, தலையும் கையும் பெருத்தன. ரெண்டு பொம்மையைப் பக்கத்தில் நிறுத்தினால் எது மூத்தது என்று கண்ணுக்கே தெரியும். 15 மி.மீ. விண்வெளிக்காரர்கள் தனி வகை, அவர்களை இதோடு சேர்க்க வேண்டாம்.

ஜூன் 17, இரவு 9:55

பழைய விற்பனைக் கேட்லாக்குகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இணையதளங்கள் உண்டு. ஸ்டஃப் ஆஃப் லெஜண்ட்ஸ், லாஸ்ட் மினிஸ் விக்கி ரெண்டும் இதில் பெரிய உதவி. தேடும்போது "மந்திரவாதி" என்று தேடினால் ஆயிரம் வரும். எந்தக் கையில் ஆயுதம், மற்ற கை என்ன செய்கிறது, எந்தக் கால் முன்னால், இடுப்பில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். தடி ஒடிந்துபோயிருக்கலாம், பெயிண்ட் மாறியிருக்கலாம், இடுப்பில் தொங்கும் பை எங்கேயும் போகாது.

ஜூன் 19, இரவு 8:40

விண்வெளிக்காரன் கம்பெனியே பின்னால் வார்த்ததா, வேறு யாராவது நகல் எடுத்ததா என்று கேள்வி. நல்ல கேள்வி, தராசால் மட்டும் பதில் சொல்ல முடியாது.

பொம்மையையே மூலமாக வைத்து ரப்பர் மோல்டு எடுத்து மறுபடி வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கும், நகல் ஒன்றிரண்டு சதவீதம் சிறுக்கும். 30 மி.மீ. உயரத்தில் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை. 0.02 மி.மீ. காட்டும் வெர்னியர் அளவுகோல் இதற்குத் தாராளம், ஆனால் ஒப்பிட நிச்சயமான ஒரிஜினல் ஒன்று வேண்டும். அப்புறம் ஓரங்கள். நகலில் எழுத்தின் மூலைகள் உருண்டுவிடும், சின்னக் குழிகள் அடைபடும், மூலத்தில் இருந்த கீறல்கூட நகலில் அப்படியே வந்திருக்கும். ஒரே கம்பெனியின் தேய்ந்த மோல்டிலும் விவரம் மழுங்கும் என்பதால், மழுக்கத்தை மட்டும் வைத்து நகல் என்று குற்றம் சாட்டக் கூடாது. இவனுடைய பட்டை எழுத்து கூர்மையாக இருக்கிறது. கம்பெனி வார்ப்பு என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன். உறுதி: முக்கால்.

ஜூன் 22, இரவு 11:10

தம்பி இன்று போட்ட படங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. சொன்னபடி டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து எல்லா அடிப்பாகத்தையும் மறுபடி எடுத்திருக்கிறார். மந்திரவாதியின் தட்டுக்கு அடியில், பச்சைப் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில், சிவப்பு எனாமலில் கையால் எழுதிய 12. குள்ளனுக்கு அடியில் 7. டிராகனில் 31. எண்களை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள், 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு, 1-க்கு மேலே கொக்கி. ஒரே கை.

ராயபுரத்து வீட்டில் யாரோ ஒருவர் இவற்றுக்கு எண் போட்டு கேட்லாக் வைத்திருந்திருக்கிறார். குறைந்தது 31 வரை. எண் போட்ட பிறகு மேலே பச்சை அடித்திருக்கிறார்கள், ஒருவேளை அடுத்த தலைமுறைப் பிள்ளைகள். தராசுக் கணக்கில் அடர்த்தி 9-ஐ ஒட்டி வந்தவை எல்லாவற்றிலும் எண் இருக்கிறது. 7.3 வந்த விண்வெளிக்காரனில் இல்லை. அவன் பிற்பாடு சேர்ந்தவனாக இருக்க வேண்டும்.

தின்னரில் போட்டிருந்தால் இந்தச் சிவப்பு எண்கள் பத்து நிமிஷத்தில் போயிருக்கும்.

நன்றாகப் படம் எடுத்து முடித்தபின், பெயிண்ட் ரொம்ப மோசமாக இருந்தால் எடுக்கலாம் என்றுதான் இத்தனை நாள் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். இனி அப்படிச் சொல்வதாக இல்லை. இந்த மாதிரி வந்த வழி தெரிந்த கூட்டத்தில் ஒன்றைக்கூட உரிக்க வேண்டாம். புதுசாகப் பெயிண்ட் அடிக்க ஆசையாக இருந்தால் இன்றைய புது வார்ப்பு வாங்கி அடியுங்கள்.

ஜூன் 23, காலை 6:40

பதிவில் ஒரு கட்டம் கூட்டிவிட்டேன்: "பழைய எண்". மந்திரவாதி நம் கணக்கில் 3, பழைய கணக்கில் 12. ரெண்டும் இருக்கட்டும், ஒன்றை அழித்து ஒன்று வேண்டாம். இல்லாத எண்களுக்கும் வரி போட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். கடைக்கார அண்ணனிடம் அந்த வீட்டிலிருந்து வந்த பத்திரிகைக் கட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். எண்களுக்கான நோட்டு அதில் செருகியிருக்கலாம்.

ஜூன் 23, இரவு 9:30

கட்டு போன மாதமே பேப்பர் மில்லுக்குப் போய்விட்டதாம். தம்பி ரொம்ப நொந்துபோய் எழுதியிருக்கிறார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எண்கள் பொம்மையிலேயே இருக்கின்றன, அந்த வரைக்கும் நல்லது. ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் யாருடைய வீட்டிலாவது, அடியில் சிவப்பு எண் போட்ட சின்ன உலோகப் பொம்மை பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள். 7-க்கு நடுவில் கோடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

ஜூன் 25, இரவு 8:15

விலை என்ன போகும் என்று கேட்டவர்களுக்கு: பதிவில் விலைக் கட்டம் வைக்காதீர்கள். அது மாதத்துக்கு மாதம் மாறும், மற்ற எதுவும் மாறாது. வேண்டுமானால் கொடுத்த காசைத் தனி நோட்டில் எழுதுங்கள். படக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது நம் எண் முதலில், அடுத்து பழைய எண், அப்புறம் பக்கம்: முன், பின், இடது, வலது, அடி. 03-12-அடி. அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். தம்பி, குள்ளனின் இடது பக்கப் படம் மட்டும் இன்னும் வரவில்லை, நாளைக்கு வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்.